மூன்று எழுத்து, ஒரு நீளச் சொல்: சனிக்கிழமைச் சொல்வேட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, கோயில் மண்டபத்தின் பின்கட்டில் இருபது இருபத்தைந்து பிள்ளைகள் கூடுகிறார்கள். பலகையில் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதிப் போடுவேன். அந்த மூன்றும் எங்காவது வருகிற ஆங்கிலச் சொல் ஒன்றை ஐந்து நிமிடத்துக்குள் எழுத வேண்டும். எழுத்துகள் எந்த வரிசையிலும் வரலாம், ஒட்டி வரவேண்டியதும் இல்லை. யாருடைய சொல் ஆக நீளமோ அவருக்கு ஒரு கறிபாப், உள்ளே கறி வைத்துப் பொரித்த பலகாரம்.

இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் பெற்றோர் கேட்கும் கேள்விகள் வாராவாரம் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டேன். ஆங்கில எழுத்து தெரியாத அம்மாக்களும் அப்பத்தாக்களும் படிக்க வேண்டும் என்பதற்காக முழுக்கத் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது.

தமிழில் எழுதினால் எந்த ‘பி’, எந்த ‘டி’ என்று எப்படித் தெரியும்?

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலில் இடறுகிற இடமே இதுதான். ஆங்கிலத்தில் இரண்டாக இருப்பதை நம் எழுத்து ஒன்றாக வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் ‘டீ’ என்று நீட்டினால் டீச்சரின் முதல் எழுத்து, ‘டி’ என்று குறுக்கினால் டாக்டரின் முதல் எழுத்து. பேப்பரின் முதல் எழுத்தையும் அப்படியே நீட்டிவிடலாம் என்று ஒருநாள் பலகையில் எழுதிவிட்டேன். வகுப்பே உருண்டு சிரித்தது. ஏன் என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அது ‘பேப்பர் பி’, மற்றது ‘பஸ் பி’. கடைசி எழுத்தை இங்கே எல்லோரும் சொல்வதுபோல ‘ஸெட்’ என்றே எழுதுகிறேன்.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? என் மகன் ஐந்து நிமிஷமும் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான், டீச்சர்.

அவன் முழுச் சொல் ஒன்று மேலிருந்து விழும் என்று காத்திருக்கிறான். விழாது. நீளச் சொற்களை யாரும் முழுதாக நினைவில் வைத்திருப்பதில்லை. துண்டு துண்டாகக் கட்டுகிறார்கள். அதிலும் வாலிலிருந்து கட்டினால் வேலை சுலபம்.

நாம் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். அதை எந்தப் பள்ளியிலும் மனப்பாடம் செய்யவில்லை. மலாயிலும் அப்படித்தான். பிள்ளைகள் இம்புஹான் என்று முன்னும் பின்னும் ஒட்டுகளைச் சேர்க்கப் படிக்கிறார்கள். தங்குங் என்றால் சுமப்பது, ஜவாப் என்றால் பதில். இரண்டும் சேர்ந்தால் பொறுப்பு. அதற்கு முன்னால் மெம், பெர் என்று இரண்டையும் பின்னால் கான் என்று ஒன்றையும் ஒட்டினால் மெம்பெர்தங்குங்ஜவாப்கான், 22 எழுத்து. ஆண்டு 5 படிக்கும் பிள்ளை இதற்கு அசருவதே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அதே பொருளுள்ள ரெஸ்பான்சிபிலிட்டி 14 எழுத்துதான், அதைக் கண்டு மிரள்கிறது. அந்தச் சொல்லுக்குள்ளும் ரெஸ்பான்ஸ், அதாவது பதில், உட்கார்ந்திருக்கிறது. நம் பாட்டிமார் சொன்ன ஜவாப்தாரியிலும் அதே ஜவாப்தான். இதைச் சொன்ன பிறகு அந்தச் சொல்லை யாரும் மறந்ததில்லை. முன்னால் ‘இர்’ சேர்த்து எதிர்மறையாக்கினால் 16.

சரி, வால்களுக்கு வருவோம். சொல்லின் முடிவில் ‘ஷன்’ என்று கேட்பது பெரும்பாலும் டீ-ஐ-ஓ-என் என்ற நான்கு எழுத்து. மென்ட், நெஸ், லெஸ் ஒவ்வொன்றும் நான்கு. எபிலிட்டி ஏழு. ஐசேஷன் ஏழு. தலைப்பக்கம் அன் இரண்டு, மிஸ், டிஸ் மும்மூன்று, இன்டர் ஐந்து, கவுன்டர் ஏழு. இந்தப் பதினொன்றையும் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓர் உதாரணம். ஒரு வாரம் போட்ட எழுத்துகள் என், ஜி, டபிள்யூ. ஒரு பையன் ‘விங்’ என்று நாலெழுத்தில் முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்த சிறுமி ‘நோ’ என்று எழுதினாள். தெரியும் என்ற பொருளில் வருகிற நோ. கே-என்-ஓ-டபிள்யூ, நான்கு எழுத்து. அதை நாலெட்ஜ் ஆக்கினாள், ஒன்பது. முன்னால் ஏ-சி சேர்த்து அக்னாலெட்ஜ், பதினொன்று. பின்னால் மென்ட் ஒட்டி அக்னாலெட்ஜ்மென்ட், பதினைந்து. நேரம் முடிகிறபோது ஓர் எஸ் போட்டுப் பதினாறாக்கினாள். ஒரு சொல்லைக்கூட அவள் தேடவில்லை. இருந்ததையே நீட்டிக்கொண்டு போனாள். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் குசினி, அதாவது சமையலறை, இறக்குகிற மாதிரிதான்.

எஸ் போட்டு ஓர் எழுத்து கூட்டுவது ஏமாற்று இல்லையா?

இல்லை. ஆனால் எல்லாச் சொல்லும் எஸ் தாங்காது. ஃபர்னிச்சர்ஸ், ஈக்விப்மென்ட்ஸ் என்று கடைப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். பள்ளி ஆங்கிலத்தில் அவை தவறு, எங்கள் ஆட்டத்திலும் செல்லாது.

க்யூ, ஸெட், எக்ஸ், ஜே வந்தால் பிள்ளை அழுகிறது. வேண்டுமென்றே போடுகிறீர்களா?

வேண்டுமென்றேதான். அரிய எழுத்துதான் உண்மையில் சுலபம். ஈ-யோ ஏ-யோ வந்தால் பல்லாயிரம் சொற்களில் எதைப் பிடிப்பது? ஜே வந்தால் தேடவேண்டிய இடம் சின்னதாகிவிடுகிறது.

1930களில், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான் ஸ்கிராபிள் என்ற சொல்லாட்டம். அதன் 100 எழுத்துக் கட்டைகளில் ஈ மட்டும் 12. க்யூ, ஸெட், எக்ஸ், ஜே ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. க்யூவுக்கும் ஸெட்டுக்கும் 10 புள்ளி, ஜேவுக்கும் எக்ஸுக்கும் 8. வீட்டில் ஒரு ஸ்கிராபிள் பெட்டி இருந்தால் கட்டைகளின் மூலையில் இருக்கும் எண்ணைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். எண் பெரிதாக இருக்கிற எழுத்திலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும், மற்ற இரண்டும் பின்னால் வந்து சேரும்.

ஒவ்வொரு அரிய எழுத்துக்கும் ஒரு வசிப்பிடம் உண்டு. க்யூவின் பின்னால் யூ வரும், கிட்டத்தட்ட எப்போதும். அந்த ஜோடியை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கட்டுங்கள். அன்க்வெஸ்சனப்ளி 14, இன்கான்சிக்வென்ஷியல் 15, டிஸ்குவாலிஃபிகேஷன் 16. எக்ஸ் பெரும்பாலும் ஈ-யைப் பிடித்துக்கொண்டு சொல்லின் தொடக்கத்தில் நிற்கும். ஸெட் ஐசேஷன் வாலில் இருக்கும். ஜே சொல்லின் நடுவில் வந்தால் பின்னால் ஈ-சி-டீ இருக்கிறதா என்று பார்க்கவும். இன்டர்ஜெக்‌ஷன் 12, அப்ஜெக்‌ஷனபிள் 13. ஜேவும் எக்ஸும் சேர்ந்து வந்த வாரம் ஜக்ஸ்டபொசிஷன், 13 எழுத்து. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது என்று பொருள்.

எக்ஸ், வை, ஸெட் மூன்றும் வந்த வாரம் எல்லோரும் கைவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு பையன் ஹைட்ராக்சிஸைன் என்று எழுதி வந்தான். 11 எழுத்து, மூன்றும் அதே வரிசையில் ஒட்டி நிற்கின்றன. எங்கே கண்டுபிடித்தாய் என்றேன். பாட்டியின் அரிப்பு மாத்திரை உறையில் இருந்தது என்றான். அன்று இரண்டு கறிபாப் கொடுத்தேன்.

க்யூவும் ஜேவும் சேர்ந்து வந்தால்?

இதற்கு ஒரு தனிக் கேள்வி தகும். பெரிய ஆங்கில வாத்தியார்களே யோசிப்பார்கள். ஆனால் விடை நம் வீட்டுப் பல்லாங்குழிப் பெட்டியில் கிடந்தது: ஜெக்விரிட்டி, ஒன்பது எழுத்து. என்ன தெரியுமா? குண்டுமணி. சிவப்பு உடம்பும் கறுப்பு மூக்குமாக, அந்தக் காலத்தில் பொன் நிறுத்த அதே விதை. முழுச் சிவப்பாகப் பெரிதாக இருப்பது ஆனைக்குண்டுமணி, மலாயில் சாகா என்பார்கள். அது வேறு மரம். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜெக்விரிட்டி விதையின் உள்ளே கடும் விஷம் இருக்கிறது. சொல்லை மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள்.

சரியாகத்தான் உச்சரிக்கிறாள், ஆனாலும் எழுத்து கிடைப்பதில்லை. ஏன்?

காதால் தேடுகிறாள். தமிழில் காது போதும். ‘மரம்’ என்று கேட்டால் ம-ர-ம், முடிந்தது கணக்கு. மலாயும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த இரண்டு மொழியும் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலம் செய்கிற அநியாயம் புரிய நாளாகும். நிமோனியா பேப்பர் பி-யில் தொடங்குகிறது, அந்த எழுத்து வாயைத் திறப்பதே இல்லை. சைகாலஜியிலும் அதே பேப்பர் பி ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன நாலெட்ஜில் கே. ஃபாரினில் ஜி. வயிற்றுப்போக்குக்கான டயரியாவில் பிரிட்டிஷ் முறைப்படி ஒன்பது எழுத்து, அதில் எச் ஒன்று, ஆர் இரண்டு. ரிதம் என்ற சொல்லில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஒன்றுகூட இல்லை.

ஆகவே இந்த ஆட்டத்துக்குக் கண்தான் வேண்டும். நான் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. மருந்து உறை, பிஸ்கட் பாக்கெட், மின்கட்டண பில், உர மூட்டை எதுவானாலும் பத்தெழுத்துக்கு மேல் உள்ள சொல்லைப் பார்த்தால் நோட்டில் அப்படியே பார்த்து எழுத வேண்டும். அர்த்தத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஓசையில் மௌனமாக இருக்கும் எழுத்தின் கீழே ஒரு கோடு போட வேண்டும். கோடு போட்ட எழுத்துகள்தான் பரிசு வாங்கித் தருகின்றன, ஏனென்றால் மற்றப் பிள்ளைகளுக்கு அவை கேட்பதே இல்லை.

ஆங்கிலத்தில் ஆக நீளமான சொல் எது? அதை மனப்பாடம் செய்தால் எப்போதும் ஜெயிக்கலாமே?

செய்து பார்த்தார்கள். அதனால்தான் இப்போது விதி இருக்கிறது.

பெரிய அகராதிகளில் இருக்கும் ஆக நீளச் சொல் என்று வழக்கமாகச் சொல்வது 45 எழுத்துச் சொல். நிமோனோ, அல்ட்ரா, மைக்ரோஸ்கோபிக், சிலிகோ, வால்கனோ, கோனியோசிஸ் என்ற துண்டுகளை இந்த வரிசையில் ஒட்டிப் படியுங்கள். எரிமலையின் நுண்ணிய மணல்தூசு நுரையீரலில் படிந்து வரும் நோயாம். உண்மையில் எந்த டாக்டரும் அதை எழுதுவதில்லை. 1935இல் அமெரிக்கப் புதிர்ச் சங்கம் ஒன்றின் தலைவர் எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே உருவாக்கிய சொல் அது. புதிர்க்காரர் விளையாட்டுக்குச் செய்த சொல் அகராதிக்குள் ஏறிவிட்டது.

அதற்குக் கீழே 29 எழுத்தில் ஃபிளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன். ஒன்றுக்கும் உதவாது என்று மதிப்பிடுவது என்று அர்த்தம். அதில் ஐ மட்டும் ஒன்பது முறை வருகிறது, ஈ ஒரு முறைகூட இல்லை. 28 எழுத்தில் ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம். தசையில் இருக்கும் டைட்டின் என்ற புரதத்தின் முழு இரசாயனப் பெயர் 189,819 எழுத்து என்று இணையத்தில் காட்டுவார்கள். அது பெயர் வடிவில் எழுதிய இரசாயனக் கணக்கு, எந்த அகராதியும் அதைச் சேர்ப்பதில்லை.

எங்கள் விதி: 20 எழுத்துக்கு மேல் போகும் சொல் ஒருவருக்கு வருஷத்தில் ஒரு முறைதான் செல்லும். சரியாக 20 எழுத்தில் இன்டர்நேஷனலைசேஷன் இருக்கிறது, அதை எத்தனை முறையும் எழுதலாம். கம்ப்யூட்டர்க்காரர்கள் அதை எழுத அலுத்து, முதல் எழுத்து ஐ, கடைசி எழுத்து என், நடுவில் விட்டுப்போன எழுத்துகளின் எண்ணிக்கையான 18 என்று சுருக்கி எழுதுகிறார்கள். நீளச் சொல்லை வெறுப்பவர்களும் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

ஐந்து உயிரெழுத்தும் வரும் சொல் கேட்டால் என்ன எழுதுவது?

எஜுகேஷன். ஒன்பது எழுத்தில் ஐந்தும் ஒவ்வொரு முறை வருகின்றன. ஏழே எழுத்தில் வேண்டுமென்றால் செக்கோயா, அமெரிக்காவின் பிரமாண்ட மரம். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று வரிசை மாறாமல் வேண்டுமென்றால் ஃபசீஷியஸ். வேடிக்கையாகப் பேசுகிற என்று பொருள். அதன் பின்னால் எல்-வை சேர்த்தால் ஆறாவதாக வையும் வரிசையில் வந்து நிற்கும். தலைகீழ் வரிசையில், அதாவது யூவில் தொடங்கி ஏயில் முடிய, சப்கான்டினென்டல்: 14 எழுத்து, நம் முன்னோர் கப்பலேறிய துணைக்கண்டத்துக்கு உரிய சொல்.

எனக்கு இந்த வகையில் ஆகப் பிடித்தது அன்காபிரைட்டபிள். 15 எழுத்து, ஓர் எழுத்துகூடத் திரும்ப வராது. பதினைந்தும் வெவ்வேறு எழுத்து என்பதால் பலகையில் எந்த மூன்று எழுத்து போட்டாலும் முதலில் இந்தச் சொல்லைச் சரிபார்க்கச் சொல்வேன். கைரேகை ஆராய்ச்சிக்கான டெர்மட்டோகிளிஃபிக்ஸ் இன்னொரு 15. இரண்டையும் ஒருசேரத் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளையை ஜெயிப்பது கஷ்டம்.

மறுபக்கம், ஒரே உயிரெழுத்தை வைத்துக்கொண்டு ஒன்பது எழுத்து ஓடுகிற சொல் ஸ்ட்ரெங்த்ஸ். ஈ ஒன்றுதான், மற்றதெல்லாம் மெய்.

‘ஐஸ்’, ‘ஐசேஷன்’ என்ற வால்களில் எஸ்ஸா, ஸெட்டா? பள்ளியில் எஸ் என்றுதானே சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இதில் எனக்கு ஒரு பழைய வலி இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த போட்டிக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப் போனேன். ஸெட் கேட்டார்கள். அவள் ஆர்கனைசேஷனை ஸெட் போட்டு எழுதினாள். நடுவர் மலேசியாவில் பிரிட்டிஷ் எழுத்துமுறைதான், அமெரிக்க முறை செல்லாது என்று அடித்துவிட்டார். பிள்ளை பஸ்ஸில் வீடு வரும்வரை பேசவில்லை.

நடுவர் சொன்னது தவறு. ஸெட் அமெரிக்காவின் சொத்து அல்ல. பிரிட்டனின் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியே இந்த வாலை ஸெட் போட்டுத்தான் முதலில் தருகிறது. எஸ் முறையும் பிரிட்டனில் பரவலாக இருக்கிறது, பள்ளியில் நாம் படிப்பது அதை. இரண்டும் சரி. ஆனால் அட்வர்டைஸ், சர்ப்ரைஸ், எக்சர்சைஸ் மூன்றும் பிரிட்டிஷ் முறையில் எப்போதும் எஸ்தான், அவற்றில் ஸெட் போடக்கூடாது. எந்தப் போட்டிக்குப் போனாலும் ஆரம்பிக்கும் முன் எந்த அகராதி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் அன்று கேட்கவில்லை, அது என் தப்பு.

ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் தேடலாமா?

ஐந்து நிமிட ஆட்டத்தில் கூடாது. வீட்டில் தாராளமாகத் தேடலாம், பத்து நிமிஷமாவது தாளில் முயன்ற பிறகு.

சொல் தேடும் தளங்களில் இரண்டு குறிகள் போதும். கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பதில். நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துக்கும் பதில், எழுத்தே இல்லாததற்கும் பதில். நட்சத்திரம், க்யூ, நட்சத்திரம், ஸெட், நட்சத்திரம் என்று தட்டினால் ஈக்வலைசேஷன், குவிசிகல் எல்லாம் வரும். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். இப்படித் தட்டினால் க்யூ முன்னும் ஸெட் பின்னும் வரும் சொற்கள் மட்டுமே கிடைக்கும். மூன்று எழுத்தை எந்த வரிசையிலும் தேட ஆறு முறை மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். நான்கு எழுத்து என்றால் 24 முறை. அதனால் ‘இந்த எழுத்துகளை உள்ளடக்கிய’ என்று தனிப் பெட்டி இருக்கும் தளமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இடைநிலைப்பள்ளியில் படிவம் 3, 4 படிக்கும் பிள்ளைகளுக்கு நான் எக்செல் வழியைச் சொல்லித் தருகிறேன். இலவசமாகக் கிடைக்கும் சொற்பட்டியல்கள் உண்டு. எனேபிள் என்ற பட்டியலில் மட்டும் 170,000க்கு மேல் சொற்கள். அதை ஒரு நெடுவரிசையில் ஒட்டி, பக்கத்தில் லென் என்ற வாய்பாட்டைப் போட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்து எண்ணிக்கை வந்துவிடும். அப்புறம் வடிகட்டியில் முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து. எக்செலின் வடிகட்டி ஒரு நெடுவரிசைக்கு இரண்டு நிபந்தனைதான் ஏற்கும். மிஞ்சியதை வேறு தாளில் ஒட்டி மூன்றாம் எழுத்துக்கு மறுபடி வடிகட்டி, எண்ணிக்கைப்படி பெரிதிலிருந்து சிறிதாக அடுக்க வேண்டும். அடுக்கியதும் முதல் வரிசையில் இருப்பதே விடை. மூன்று சல்லடை, ஒரு குவியல். என் அப்பா தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) அறையில் செக்ரோல் என்ற ஆள் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துப் பேர் தேடிய பொறுமை இருந்தால் போதும்.

ஸ்கிராபிள் பட்டியலில் தேடுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. பலகையின் ஒரு பக்கம் 15 கட்டம். காலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலும் 15 எழுத்தோடு நின்றுவிடும். ஜி, எச், வை மூன்றுக்கும் அங்கே சைகாலஜிக்கலி வரைதான் போகலாம். 18 எழுத்துள்ள இன்டர்சேஞ்சபிலிட்டி அங்கே இருக்காது.

அப்படியானால் ஸ்கிராபிள் பழகுவது வீணா?

வீணில்லை, வேறு ஆட்டம். அங்கே கையில் ஏழு கட்டைதான். ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். நீளத்தைவிட இடம் முக்கியம். உலகப் போட்டியில் 2007ஆம் ஆண்டு, மும்பையில், இறுதிவரை போய் இரண்டாம் இடம் பிடித்தவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். அவரை வென்றவர் நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழ்கிற நைஜல் ரிச்சர்ட்ஸ். பின்னாளில் அவர் 2015இல் பிரெஞ்சு மொழிப் பட்டத்தையும் வென்றார், பிரெஞ்சில் பேசத் தெரியாமலேயே. அதைத்தான் மேலே சொன்னேன், கண்ணால் தேடுவது என்று.

தமிழிலிருந்தும் மலாயிலிருந்தும் போன சொற்கள் செல்லுமா?

ஆங்கில அகராதியில் இருந்தால் செல்லும். கட்டுமரத்திலிருந்து போன கேட்டமரான் ஒன்பது எழுத்து, அதில் ஏ மட்டும் நான்கு. மிளகுத்தண்ணிதான் முல்லிகட்டானி. 12 எழுத்து, ஜியும் டபிள்யூவும் வையும் அதில் ஒன்றாக இருக்கின்றன. சுருட்டு செரூட் ஆனது. மலாயிலிருந்து ஒராங்உத்தான், அமோக், சாரோங், பெங்குலிங்கிலிருந்து வந்த பாங்கோலின்.

தோட்டத்து வேலையே சொற்களஞ்சியம்தான். மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சேர்ந்த ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்தோமே, அது கோயாகுலேஷன், 11 எழுத்து. ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்குவது வல்கனைசேஷன், 13 எழுத்து, வியும் ஸெட்டும் சேர்ந்தது. சார்ல்ஸ் குட்இயர் அதை 1839இல் கண்டுபிடித்தார். ரப்பர் என்ற பெயரே பென்சில் கோட்டை அழிக்கத் தேய்த்ததால் வந்தது. ஜோசஃப் பிரீஸ்ட்லி 1770இல் அதைக் குறித்து வைத்தார். பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அங்கே போகிற பிள்ளைகள் பலகையில் இருக்கும் ஆங்கிலத்தைப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும், செல்ஃபி மட்டும் போதாது.

ஊர்ப் பெயர், தோட்டத்துப் பெயர்?

செல்லாது. சுங்கை சிப்புட்டே செல்லாது. நத்தை ஆறு என்று பொருள் சொன்னாலும் செல்லாது.

எனக்கு ஆங்கிலமே தெரியாது. நான் எப்படிப் பிள்ளைக்கு உதவுவது?

நீங்கள்தான் நடுவர். மூன்று எழுத்தின் உருவத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை எழுதிய சொல்லில் அந்த உருவங்கள் இருக்கின்றனவா என்று விரலால் தேடுங்கள். இருந்தால் ஒரு டிக். அப்புறம் எழுத்துகளை எண்ணுங்கள். படிக்கவே வேண்டியதில்லை. படிக்கத் தெரியாதவர் எண்ணும் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஏனென்றால் அவர் சொல்லைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறார்.

எங்கள் மண்டபத்தில் எண்ணுகிறவர் எழுபது தாண்டிய ஒரு பாட்டி. அந்தக் காலத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய், இருட்டு விலகும் முன்னே ரப்பர் மரம் சீவ ஆரம்பித்தவர். எத்தனை மரம் என்று கேட்டால் இன்றும் நிரை நிரையாகச் சொல்வார். அக்னாலெட்ஜ்மென்ட்ஸ் எழுதிய வாரம் நான் பதினைந்து என்று எண்ணினேன். அவர் தாளை வாங்கி, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு எழுத்திலும் வைத்து, “பதினாறு, டீச்சர். கடைசியில நெளிஞ்சு நிக்குதே, அத விட்டுட்டீங்க” என்றார்.

வர முடியாத வாரம் எழுத்துகள் எப்படிக் கிடைக்கும்?

வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். மண்டப வாசலிலும் ஒட்டுவேன். இந்த வாரத்து எழுத்துகள்: எஃப், வி, ஸெட். விடையை என்னிடம் காட்டும் முன் பாட்டியிடம் எண்ணிக்கொண்டு வரவும்.